லைலின் வீரன்

மில்வாக்கியில் என் வீட்டு நிலவறைச் சன்னலைப் பனி பாதி மூடியிருக்கிறது. சாம்பல் வெளிச்சத்தில் பகடைகள், ஆறிப்போன சீஸ் பொரியல், போன மாதம் இறந்த நண்பன் லைலின் டேப்லெட். அதில், எங்கள் பகடை விளையாட்டில் நாங்கள் அவனுக்காக ஆடிவரும் அவனுடைய கற்பனை வீரன், இன்றைய சண்டையில் அடிபட்டு, உயிர்ப்புள்ளி பூச்சியமாகிக் கிடக்கிறான். தாளில் ஆடிய காலத்தில் லைல் ரப்பரால் அழித்துப் புள்ளியைக் கூட்டிக்கொள்வான். அந்தத் தில்லுமுல்லைத் தடுக்கத்தான் கணக்கைத் தானே வைத்துக்கொள்ளும் இந்த டேப்லெட் செயலிக்கே மாறினோம்.

"ஒரு புள்ளி போடு, கர்ட். பொழச்சுக்கட்டும்," என்கிறாள் லைலின் மனைவி மார்னி.

"போட்டுப் பாத்துட்டேன். விதிப்படி முடியாதுங்குது, சனியன்."

மார்னி தானே தட்டுகிறாள். எண் சிவந்து, மறுபடி பூச்சியமாகிறது. லைலின் காலி நாற்காலியைப் பார்க்கிறாள்.

"திருட்டுப்பயலே... இப்ப ஏமாத்துடா."