சிவப்புப் புள்ளி

வனத்துறை கால்நடை மருத்துவர் பூங்கோதைக்கு ஐம்பது வயது தாண்டியதும் மயக்க ஊசித் துப்பாக்கியின் முனையிலிருக்கும் குறிபார்க்கும் இரும்பு முள் கண்ணுக்கு மங்கத் தொடங்கியது. அதை உற்றுப் பார்த்தால் விலங்கு கலங்கலாகத் தெரிந்தது. விலங்கைப் பார்த்தால் முள் கரைந்துபோனது. வேலையை விட்டு நிறுத்திவிடுவார்களோ என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை.

சுருக்குக் கம்பி ஓர் இளம் யானையின் காலை அறுத்துக்கொண்டிருப்பதாகத் தகவல் வந்த காலையில், துப்பாக்கிகளைப் பராமரிக்கும் கபீர், "அரை மணி நேரம் குடுங்க டாக்டர்" என்றார். துப்பாக்கியின் மேல் சிறு கண்ணாடிக் கருவியொன்றைத் திருகிப் பொருத்தினார். சாக்குமூட்டையில் வெற்று ஊசிகளைச் சுட்டுச் சுட்டுத் திருகாணியைச் சரிசெய்தார்.

"பழைய முள்ளைக் கழட்டல. பேட்டரி தீர்ந்தா அது இருக்கும். நீங்க யானையை மட்டும் பாருங்க. கண்ணாடிக்குள்ள தெரியுற சிவப்புப் புள்ளி எங்க நிக்குதோ, ஊசி அங்க போகும்."

காட்டில் பூங்கோதை குறிபார்த்தபோது, நாற்பதடி தூரத்தில் புள்ளி யானையின் தொடைமேல் நின்றது. ஊசியும் அங்கேயே தைத்தது. யானை மயங்கிச் சாய்ந்ததும் கம்பியை வெட்டி, புண்ணுக்கு மருந்திட்டு, மயக்கம் தெளிய ஊசி போட்டார்கள். யானை எழுந்து நொண்டியபடி மூங்கில் புதரை நோக்கி நடந்தது.

ஜீப்பருகே பூங்கோதை கேட்டார்: "என் கண்ணைப் பத்தி எப்பலேர்ந்து தெரியும் பாய்?"

"ஒரு வருசமா."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"இந்தக் கருவி வேணும்னு மேல எழுதிப் போட்டேன். இப்பதான் வந்துச்சு."

பூங்கோதை நன்றி சொல்ல வாயெடுத்தார்.

"அங்க பாருங்க டாக்டர்," என்றார் கபீர். "மண்ணை வாரி முதுகுல போட்டுக்குது."