சூரியத் தகடும் ஸ்ரீஸ்கந்தராசாவும்

"அதில வையாதையும் தம்பி! அது வேற ஒண்டுக்குப் போட்ட பலகை."

வீட்டுக்காரர் போட்ட சத்தத்தில் றேமண்ட் அவசரமாகப் பையைத் திரும்பத் தூக்கிக்கொண்டான். முன் அறை மூலையில் நாலு செங்கல்லின் மேல் கிடந்த அந்தப் புதுப் பலகையில் வார்னிஷ் மணம் இன்னும் போகவில்லை. ஆரம்பமே சரியில்லை என்று நினைத்தபடி, வெயிலில் மின்சாரம் எடுக்கும் சூரியத் தகடு என்று காட்டக் கொண்டுவந்த மாதிரியை மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு கதிரை நுனியில் உட்கார்ந்தான்.

இந்த மாதம் அவன் ஒரு தகடுகூட விற்கவில்லை. இன்றைக்கும் வெறுங்கையோடு வந்தால் நாளை முதல் ஒருகொடவத்தைக் களஞ்சியத்தில் பற்றரிப் பெட்டி சுமக்க வேண்டியதுதான் என்று மனேஜர் காலையில் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். முந்தநாள் கம்பனிக்குப் போன் எடுத்து விலாசம் கொடுத்தது இந்த வீட்டு அம்மா. பாதி வேலை முடிந்தது என்று நம்பித்தான் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறினான். வழியில் இரண்டு சோதனைச் சாவடிகளில் இறங்கித் தகட்டைப் பிரித்துக் காட்டியாயிற்று. இரண்டாவது இடத்தில் நின்ற சிப்பாய், இதில் டீவீ பார்க்கலாமா என்று சிங்களத்தில் விசாரித்து, ஊரிலிருக்கும் அம்மாவுக்கென்று விலைத் துண்டு ஒன்றும் கேட்டு வாங்கிக்கொண்டான்.

சிப்பாயைச் சமாளித்தவனுக்கு அந்த அம்மாவின் கணவர் ஸ்ரீஸ்கந்தராசாவைச் சமாளிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. சுங்கத்தில் மற்றவர்களின் பெட்டிகளைக் கிளறியே ஓய்வு பெற்றவர் அவர்.

"சொல்லும். அரசாங்கம் மானியம் குடுக்குதாம், மெய்யே?"

"அது கரண்ட் லைன் போகாத ஊர்களுக்குத்தான் அங்கிள். கொழும்புக்கு இல்ல. ஆனா எங்க கம்பனி விலையில கழிவு தருது. மிச்சத்த பேங்க் லோன்ல மாசாமாசம் கட்டலாம்."

"லைன் இல்லாதவனுக்கு மானியம். லைனை வைச்சுக்கொண்டு இருட்டுக்குள்ள இருக்கிறவனுக்கு மெழுகுதிரி. நல்ல நியாயம்! வேண்டாம் தம்பி."

"கூரையில ஏத்திப் பூட்டுற கூலிய நாங்க எடுக்கல அங்கிள். சும்மாவே பூட்டித் தாறோம்."

"பூட்டி என்ன செய்ய? கடற்கரைக் காத்து. என்ர வாசல் கேற் பிணைச்சல் துருப்பிடிச்சு ரெண்டு தரம் விழுந்திட்டுது. வேண்டாம்."

"அலுமினியச் சட்டம் போடுறோம். துருவே வராது. அதுக்கும் சல்லி வேணாம்."

"மேலால ஹெலி போகேக்க, கூரையில என்னவோ மின்னுது எண்டு ஆமிக்காரன் வந்து நிண்டால் ஆர் மறுமொழி சொல்லுறது? நீரோ?"

"நானே சொல்றேன் அங்கிள்! கம்பனிக் கடிதத்தோட உங்கள பொலிசுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பதிஞ்சு தாறேன்."

தேநீர்த் தட்டோடு அவர் மனைவி பத்மாவதி வந்தார். பதமாக ஆற்றிய தேநீரை றேமண்டின் கையில் கொடுத்துவிட்டு, மெல்லக் கேட்டார்.

"தம்பி, குசினிக்கும் ஒரு பல்ப் வருமோ? இருட்டில சமைக்கேலாமல் கிடக்கு."

"சும்மா இரும் பத்மா! நான் வேண்டாம் எண்டு நிக்கிறன், இவ குசினிக்குப் பல்ப் கேக்கிறா."

கிடைத்த நூலைப் பிடித்துக்கொண்டான் றேமண்ட். "குசினி பல்ப் கம்பனிக் கணக்குல, அன்ரி!"

"ஓ, பல்ப் எரியும்!" என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. "வேர்த்து ஒழுகிறதை வெளிச்சத்தில பார்த்துக்கொண்டு இருக்கவோ?"

"சரி, ஒரு மேசை ஃபேனும் தாறேன். இதுக்கு மேல ஏதும் குடுத்தா மனேஜர் என்னையே கூரையில ஏத்திப் பூட்டிடுவார் அங்கிள்."

பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவ்வளவுதானோ? இனி ஒண்டும் இல்லையோ?"

"அந்தோனியார் மேல சத்தியமா இல்ல."

"அப்ப வேண்டாம்."

சொல்லி வைத்தாற்போல் அந்த நேரம் பார்த்துத் தினசரி மாலை மின்வெட்டு வந்தது. வீட்டு முன் ஒழுங்கை முழுவதும் பிள்ளைகள் "ஓ" என்று கத்தின. இந்த இருட்டாவது தனக்காகப் பேசாதா என்று றேமண்ட் அவர் முகத்தைப் பார்த்தான். அவரோ பக்கத்தில் தயாராக இருந்த மெழுகுதிரியைச் சாவகாசமாகக் கொளுத்தினார்.

இனிப் பற்றரிப் பெட்டிதான். றேமண்ட் தகட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினான். கேற்றில் கை வைத்தபோது பின்னால் குரல் கேட்டது.

"தம்பி, நில்லும். எங்க கையெழுத்து வைக்கிறது?"

ஒரு கையில் மெழுகுதிரியும் மறு கையில் பேனையுமாகப் பத்மாவதி வாசலில் நின்றார்.

"அங்கிள் வேணாம்னு சொல்லிட்டாரே, அன்ரி..."

"அவர் சொல்லுவார். வீடு என்ர சீதனம். சுவரும் என்ர, கூரையும் என்ர. பூட்டுக் கூலி இல்லை, அலுமினியச் சட்டம், பொலிசுக்குக் கடிதம், குசினி பல்ப், மேசை ஃபேன். சொன்ன சொல்லு மாறமாட்டீர்தானே? அந்தோனியார் மேல சத்தியம் பண்ணினனீர்."

றேமண்ட் உள்ளே எட்டிப் பார்த்தான். கதிரையில் இருந்த சுங்க அதிகாரியின் வயிறு சிரிப்பில் குலுங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் றேமண்டுக்கும் சிரிப்பு பீறிட்டது.

"எங்கட பிரிஜ்ஜும் இப்பிடி வாங்கினதுதான் தம்பி. வேண்டாம் எண்டிறது என்ர உத்தியோகம், வாங்கிறது அவவின்ர உத்தியோகம்," என்றார் ஸ்ரீஸ்கந்தராசா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நாளைக்குப் பற்றரியைக் கொண்டுவந்து அந்த மூலைப் பலகையில வையும், உங்கட கம்பனியில அளவு கேட்டு நேற்றே அடிச்சு வைச்சிட்டன்."