பின்னால் நிற்பவர்

தணிகாசலத்தின் பின்னால் நின்றுகொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் அவர் தோள்களைப் பின்பக்கம் இழுப்பாள் ஜெசிந்தா. பக்கவாதத்திலிருந்து எழுந்த உடம்பு, விழப்போகிறோம் என்றதும் தானாக ஒரு கால் பின்னால் வைக்கிறதா என்று பிசியோதெரபிஸ்டான அவள் பார்க்க வேண்டும். வைத்தால் வீட்டுக்கு அனுப்பலாம். ஆறு வாரமாக அவர் வைக்கவில்லை. சாய்வு நாற்காலியில் சாய்வதுபோல நிம்மதியாக அவள் கைகளில் சாய்ந்தார்.

"ஏன் சார் காலை எடுக்க மாட்டேங்கறீங்க?"

"அதான் நீ புடிச்சுக்கறியேம்மா."

ஜெசிந்தாவுக்குச் சுருக்கென்றது. ஒரு நாளும் அவரை விழவிட்டதில்லை. அதுவே வினையாகியிருக்கிறது.

மறுநாள் அவர் மனைவி கோமளத்தை வரவழைத்தாள். "இன்னைக்கு அக்காதான் இழுப்பாங்க சார்" என்று சொல்லிவிட்டு, அவர் கண்ணில் படாமல் ஓரமாக நின்றுகொண்டாள்.

கோமளம் முந்தானையை இடுப்பில் செருகினாள். அந்த மனிதரோடு முப்பத்தோரு வருடம் குடித்தனம் நடத்தியவள். தோள்களைப் பிடித்து இழுத்தாள். இழுத்த கையோடு, தாங்கிக்கொள்ள இரண்டு கைகளையும் விரித்தாள்.

அவர் சாயவேயில்லை. கால் வெடுக்கென்று பின்னால் போய்த் தரையில் ஊன்றியது. நின்றுவிட்டார்.

"வந்துருச்சு சார்! இனிமே வீட்டுக்குப் போலாம்."

"நான் புடிக்க மாட்டேன்னு நெனச்சீங்களா?" என்றாள் கோமளம்.

தணிகாசலம் திரும்பவில்லை. எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெசிந்தா குனிந்து தாளில் குறித்தாள். அவள் நிமிர்ந்தபோதும் கோமளத்தின் கைகள் அந்த முதுகுக்குப் பின்னால் விரித்தபடியே இருந்தன.