வரப்போரத்து மூட்டைகள்

"உன் ஆளு கன்னியப்பன் சாக்கு சாக்கா உப்பு தூக்கிட்டுப் போறாம்பா. என் கண்ணாலயே பாத்தேன்."

பக்கத்து உப்பளத்து சிவப்பிரகாசம் போனில் இப்படிச் சொன்னபோது, தட்சணாமூர்த்திக்குக் கோபத்தைவிட நிம்மதிதான் அதிகமாக வந்தது.

காரில் அவர் பக்கத்தில் மகள் ஜெயப்ரியா. சென்னை ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்தவளை மரக்காணம் பஸ் ஸ்டாப்பில் அப்போதுதான் ஏற்றியிருந்தார். ஏறியதிலிருந்து அவளுக்குப் பூந்தியைப் பற்றித்தான் பேச்சு.

பூந்தி அவள் வளர்த்த பொமரேனியன். பின்னங்காலில் முட்டிச் சில்லு அடிக்கடி இடம் விலகி, நொண்ட ஆரம்பித்திருந்தது. குதிக்க விடக் கூடாது, வழுக்குகிற தரை ஆகாது, தினமும் தண்ணீரில் நடக்க வைத்துக் காலைப் பிடித்துவிட வேண்டும் என்று பாண்டிச்சேரி டாக்டர் அடுக்கிக்கொண்டே போனார். கேட்கும்போதே தட்சணாமூர்த்திக்கு அலுத்துவிட்டது. மகள் ஹாஸ்டலுக்குக் கிளம்பிய வாரமே நாயைத் தன் உப்பளத்தில் இறக்கி, "இங்கியே கெடக்கட்டும்" என்று காவல்கார கன்னியப்பனிடம் சொல்லிவிட்டு வந்தார். அதோடு மறந்தும் போனார். மகளிடம், டாக்டரே வைத்துப் பார்த்துக்கொள்கிறார் என்று கதை விட்டிருந்தார்.

நாளைக்கே பாண்டிக்குப் போய்ப் பூந்தியைப் பார்க்க வேண்டும் என்று இப்போது அவள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். என்ன சொல்லிச் சமாளிப்பது என்று விழித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அந்த போன். நொண்டி நாய் இத்தனை நாள் அங்கே எங்கே இருக்கப் போகிறது? நேற்றுதான் அதைக் கன்னியப்பனிடம் விட்டேன், அவன் தொலைத்துவிட்டான் என்று சொல்லிவிடலாம். உப்புத் திருடன் சொல்வதை யார் நம்பப் போகிறார்கள்?

மகளைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு உப்பளத்தில் இறங்கி நடந்தார்.

சிவப்பிரகாசம் சொன்னது பொய்யில்லை. வரப்புக்கு வரப்பு, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று உப்பு மூட்டைகள். கடத்திக்கொண்டு போக இவ்வளவு வசதியா என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓடிவந்த கன்னியப்பனை வாய்க்கு வந்தபடி ஏசினார். நாளையிலிருந்து இந்தப் பக்கமே தலை காட்டக் கூடாது என்றார்.

"இது விக்கிற உப்பு இல்லீங்க மொதலாளி. பாத்திக்கு அடியில தங்கற சேத்து உப்பு. வீணாத்தான் கொட்டுவோம்" என்றான் கன்னியப்பன்.

தட்சணாமூர்த்தி காது கொடுக்கவில்லை. ஒரு மூட்டையை ஓங்கி உதைத்தார். அது உருண்டு போய் வாய்க்காலில் விழுந்தது.

"அப்பா, இன்னும் எவ்ளோ நேரம்?" காரிலிருந்து ஜெயப்ரியா குரல் கொடுத்தாள்.

அந்தக் குரலுக்குத் தூரத்துக் கொட்டகையிலிருந்து வெள்ளையாக ஏதோ புறப்பட்டு வந்தது. பூந்திதான். மூட்டை மேல் ஏறி, வரப்பைக் கடந்து, அந்தப் பக்கத்து மூட்டையில் கால் வைத்து இறங்கி, வரப்பு வரப்பாக ஓடி வந்தது. ஓரிடத்தில்கூடக் குதிக்கவில்லை. கடைசி வரப்பில் இறங்குவதற்கு மூட்டை இல்லை. அங்கேயே நின்று முனகியது.

கன்னியப்பன் ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டான்.

"வரப்பு தாண்டிக் குதிச்சா முட்டி வெலகிடும்னு மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொன்னாருங்க. இது என் பின்னாலயே சுத்துது, கட்டிப் போட மனசு வரல. அதான் மூட்டையப் போட்டு வெச்சேன். உப்புன்னா காலும் வழுக்காது."

அதற்குள் ஜெயப்ரியா வந்து பூந்தியை வாரி எடுத்துவிட்டாள். கொஞ்சி முடித்த பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"டாக்டர்கிட்ட இருக்குதுன்னு சொன்னீங்களே. இங்க எப்படி?"

கன்னியப்பன் முதலாளியின் முகத்தை ஒரு நொடி பார்த்தான்.

"அப்பாதான் பாப்பா கொண்ணாந்து வுட்டாரு. வூட்டுல டைல்ஸு வழுக்கும், இங்கன்னா தெனம் தண்ணியில நடக்க வெக்கலாம்னாரு. நல்லா நடக்கும்போது உனக்குக் காட்டணும்னுதான் சொல்லியிருக்க மாட்டாரு. தெனம் போன் போட்டு, இன்னிக்கு எப்படி நடந்துச்சின்னு கேப்பாரு."

அவர் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

ஜெயப்ரியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "சாரிப்பா. பூந்திய நீங்க எங்கயோ வுட்டுட்டு வந்துட்டீங்கன்னு நெனச்சேன்."

தப்பித்துவிட்டோம் என்று சந்தோஷப்பட வேண்டியவருக்கு, வெட்கத்தில் உடம்பு கூசியது. மெல்லக் கையை விடுவித்துக்கொண்டார். வாய்க்காலில் இறங்கி, தான் உதைத்த மூட்டையைத் தூக்கி வந்து, பழையபடி வரப்போரம் வைத்தார். வேட்டியெல்லாம் சேறு. கன்னியப்பன் பதறிப்போய்க் கை கொடுக்க வந்தான்.

"கன்னியப்பன் எனக்காகப் பொய் சொல்றாரும்மா" என்றார் மகளிடம், நிமிர்ந்து பார்க்காமலே.