முத்து முத்தான எழுத்து

வெள்ளைத்தாளில் பேனாவை வைத்தவர் வைத்தபடியே இருந்தார்.

எதிரே மைமூன். அவள் மகன் இத்ரீஸைப் போலீஸ் பிடித்துப் போய் இன்றோடு பன்னிரண்டு நாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஊரில் யாருக்கு மனு எழுதவேண்டுமென்றாலும் பள்ளிவாசல் செயலாளரான இவரிடம்தான் வருவார்கள்.

“எழுதுங்க காக்கா. ஒங்க எழுத்துன்னா ஸ்டேசன்ல தனி மதிப்புல்லா.”

மதிப்புக்கு என்ன குறைச்சல்!

ரமலானின் கடைசிப் பத்து நாள் பள்ளிவாசலிலேயே தங்கித் தொழுகிறவர்களின் பெயர், விலாசம், போன் நம்பர். வருஷம் தவறாமல் எழுதி ஸ்டேஷனில் கொடுத்துவிடுவார். யாரும் கேட்டதில்லை. நாளைக்கு ஒரு பேச்சு வந்துவிடக் கூடாது, நம்ம ஸ்டேஷன்தானே என்று இவராகக் கொடுப்பது. ஏட்டு இசக்கியப்பன் நோன்புக் கஞ்சியைக் குடித்தபடியே வாங்கி ஃபைலில் வைப்பார்.

அங்கேயே கிடந்து மட்கியிருக்க வேண்டியது.

இந்த வருஷம், தீவிரவாதத் தடுப்பு என்று டெல்லியிலிருந்து வந்த போலீஸோடு உள்ளூர் ஸ்டேஷனையும் சேர்த்துவிட்டார்கள்.

பட்டியலில் இருந்த ஒன்பது பேரையும் கூட்டிப் போனார்கள். பத்து நாள் கூடி உட்கார்ந்து என்னடா பேசினீர்கள்?

எட்டுப் பேர் திரும்பி வந்தார்கள்.

இத்ரீஸ் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான். கடையில் முப்பது பழைய போன் இருந்ததாம். போதாதா?

நேற்று டீக்கடையில் இசக்கியப்பன் இவர் முகத்தைப் பார்க்கவில்லை. “ஃபைலக் கேட்டாங்க பாய். குடுத்துட்டோம்” என்றார். டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

ஃபைலில் இருந்தது இவர் எழுத்து என்று ஊரில் வேறு யாருக்கும் தெரியாது.

“எவனோ பேரெழுதிக் குடுத்திருக்கான், காக்கா. அவன் கை வெளங்குமா?”



எழுத ஆரம்பித்தார். முத்து முத்தான எழுத்து. அடித்தல் திருத்தல் இல்லை. ஒரு பக்கம் முடிந்தது. கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.

மைமூன் கட்டைவிரலை நீட்டினாள்.

“நீ வைக்க வேண்டாம்மா. எம் பேர்லதான் எழுதிருக்கேன்.”

“அப்ப வாசிச்சுக் காட்டுங்க. எம் மவனப் பத்தி என்ன எழுதிருக்கியன்னு கேக்கணும்.”

வாசலில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். கதவைச் சாத்தலாமா என்று ஒரு கணம் பார்த்தார். சாத்தவில்லை.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

“ஐயா, அந்த ஒன்பது பேரின் பட்டியலை எழுதிக் கொடுத்தவன் நான்” என்று முதல் வரியை வாசித்தார்.