பின்னாலருந்து போட்ட பிளான்

“இதுக்குப் பேரு பேக்வேர்ட் பிளானிங்குங்க அம்மிணி. போய்ச் சேர வேண்டிய நாளை மொதல்ல குறிச்சுக்கோணும். அப்புறம் அங்கிருந்து ஒவ்வொரு நாளா பின்னால எண்ணிக்கிட்டே வரோணும்.”

சத்யபிரியா முறைச்சாங்க. முதலாளி மகள். கோயமுத்தூர்ல பெரிய படிப்பு முடிச்சுட்டு, ரெண்டு மாசமா எங்க நாமக்கல் லாரி ஆபீஸைப் பாத்துக்கறாங்க.

“அர்த்தம் எனக்குத் தெரியும் கைலாசண்ணா. அதைப் போர்டுல எழுதிப் போட்டதே நாந்தான்.”

“அதைப் பாத்துத்தானுங்க நானும் படிச்சேன். நைட் ஸ்கூல்ல இதெல்லாம் நடத்தலை.”

“அப்ப நாக்பூர்ல நின்ன வண்டிக்கு டெல்லி லோடு கெடைச்சும் ஏன் வேண்டாம்னீங்க? நல்ல வாடகை. அதை உட்டுட்டு சேலத்துக்கு ஆரஞ்சு ஏத்தியிருக்கீங்க. ஆரஞ்சுக்காரன் உங்களுக்கு என்ன குடுத்தான்?”

“ஒரு பழம்கூடக் குடுக்கலீங்க.”

“வெளையாடாதீங்கண்ணா. உங்க பிளான்ல முடிவு என்ன?”

“நாளைக்குக் காலைல தங்கமுத்து ஊர்ல இருக்கோணும்.”

“டிரைவரா? லீவு கேட்டாரா?”

“இந்தத் தடவை கேக்கலீங்க. தங்கச்சி புள்ளைக்குக் காது குத்து. இவன் ஒருத்தன்தான் தாய்மாமன். மடியில உக்கார வெக்கோணுமில்லீங்க? முன்ன ரெண்டு தடவை தேதி குறிச்சாங்க. ரெண்டு தடவையும் லீவு கேட்டான். அவசர லோடுன்னு ஆபீஸ்ல அனுப்பிட்டாங்க. விசேஷம் தள்ளிப் போச்சு.”

“இந்தத் தடவையும் தள்ளினா?”

“தள்ள மாட்டாங்க. மாமன் வரலீன்னா வேற யாரு மடியிலயாச்சும் வெச்சுக் குத்திருவோம்னு தங்கச்சியோட மாமியார் சொல்லிருச்சாம். தங்கச்சி இங்க போன் பண்ணி அழுதுச்சு. அண்ணன்கிட்டச் சொல்லாதீங்கன்னுச்சு.”

“அப்ப, எதுக்கு வர்றோம்னு அவருக்கே தெரியாதா?”

“தெரியாதுங்க. மறுபடி தேதி குறிச்சதையே அவனுக்கு யாரும் சொல்லலை. ஆரஞ்சு அழுகிரும், வெரசா வாடான்னு மட்டும் சொன்னேன்.”



“கைலாசண்ணோவ்! சேலத்துல ஆரஞ்சை எறக்கிட்டு தங்கமுத்து வண்டி வந்துருச்சு, வாங்க!” கேட்டுலருந்து வாட்ச்மேன் கூப்புட்டாரு.

எந்திரிச்சேன்.

“ஒரு நிமிசம்ணா. ரெண்டு தடவையும் லீவு குடுக்காம அனுப்புனது யாரு? எங்க அப்பாதானே?”

“ஐயா மேல பழி போடாதீங்க அம்மிணி. அந்த ரெண்டு பிளானும் போட்டது நாந்தானுங்க”ன்னு சொல்லிட்டு, வெளிய போனேன்.