மிதிக்கிற ஆள்

அந்தப் பழைய பிக்கப்பின் நாலு டிரம்மையும் கழற்றி, பிரேக் ஷூவும் சிலிண்டரும் புதிதாகப் போட்டாயிற்று. அப்படியும் பிரேக்கை மிதித்தால் பஞ்சில் கால் வைத்தது போலத்தான் உள்ளே போனது. பிரேக் ஆயில் லைனில் காற்று நிற்கிறது என்று யேசுவடியானுக்குத் தெரியும். மூன்று மாதத்துக்கு முன்பு இதே வண்டி பிரேக் வேலைக்கு வந்தபோதும் தெரிந்திருந்தது. அவருடையது தனியாள் பட்டறை.

அன்று மாலையே மலையிறக்கத்தில் வண்டி நிற்காமல் போய் மரத்தில் மோதியது. வண்டி பிழைத்துக்கொண்டது, ஓட்டி வந்த பொன்னையா பிழைக்கவில்லை. இனிமேல் கோஸ் மூட்டைகளைச் சந்தைக்கு ஓட்டிப்போகப் போவது அவர் மனைவி செண்பகவல்லி.

"உள்ள உக்காந்து மிதிங்கம்மா. நான் சொல்ற வரைக்கும் காலை எடுக்காதீங்க."

அவர் வண்டிக்கு அடியில் படுத்து, சக்கரத்துக்குப் பின்னால், காற்றை வெளியே விடும் நிப்பிளைத் திறந்தார். பாட்டிலுக்குப் போகும் குழாயில் ஆயிலோடு குமிழி வந்தது. மூடினார். "விடுங்க. மறுபடி மிதிங்க." மறுபடியும் குமிழி. இருபது தடவை ஆகியும் நின்றபாடில்லை.

"அண்ணே, இதுக்கு எப்பவுமே ரெண்டு ஆள் வேணுமா?"

"ஆமாம்மா. ஒருத்தர் மிதிக்கணும், ஒருத்தர் திறக்கணும். தனியா முடியவே முடியாது."



"வண்டிய உங்ககிட்ட விட்டுட்டு டீக்கடையிலதான் இருக்கேன்னு அவரு போன்ல சொன்னாரு. அன்னைக்கு யாருண்ணே மிதிச்சா?"

யேசுவடியான் நிப்பிளை இறுக்கி மூடினார். அவள் கால் பெடலில் அசையாமல் இருந்தது. குழாயில் கடைசியாக வந்த குமிழி பாதி வழியில் அப்படியே நின்றது.